எனக்க பேருள்ள சட்டை

போலந்துக்கு வெல்டிங் வேலைக்குப் போன ஷெல்பின்
அனுப்பிய பெட்டியில், சாக்லேட்டுக்கு அடியில்
கிடந்தது அது.
சிவப்பு. பருத்தி. கழுத்தில் வெள்ளைப் பட்டை.
முதுகில் கையால் தைத்த ஒன்பது,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.

அந்த ஊரை வூச் என்று சொல்லணுமாம்.
அர்த்தம்: படகு.
கடலைப் பார்க்க அரைநாள் ரயிலேறும் ஊருக்கு
எவன் வைத்தான் இந்தப் பெயரை?
வள்ளவிளையில் இத்தனை படகு நிற்கிறது,
எங்களுக்குத் தோன்றவில்லை.

அணியின் பெயர் விட்செவ்.
பஞ்சாலைப் பேட்டையில் பிறந்தது,
போரில் நின்றது, மறுபடி எழுந்தது,
ரொம்ப காலம் கீழ்த்தட்டிலேயே உருண்டது.
எண்பத்துமூன்று மார்ச்சில் லிவர்பூல் வந்து
ரெண்டு கோல் வாங்கிக்கொண்டு போனது.
ஷெல்பின் இதைச் சொல்லும்போது பின்னால்
கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது;
"ரெண்டு" மட்டும் தெளிவாகக் கேட்டது.

காலரைத் திருப்பினேன்.
சலவைக்குப் போட்ட மசிக்குறி, மங்கல்.
சைஜின் போனில் காட்டிப் படித்தான்:
ததேயுஷ்.

எங்கள் ஸ்டாப்பர் பெயர் ததேயூஸ்.
முப்பத்தெட்டு நாள் சூரைக்குப் போய்
அன்று காலைதான் தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கியிருந்தான்.
"எனக்க பேரு. எனக்க சட்டை லேய்"
என்று தலைவழியே மாட்டிக்கொண்டான்.
குளித்திருக்கவில்லை. யாரும் வாதிடவில்லை.

இரண்டாம் பாதி. நான் கோட்டோரம் நிற்கிறேன்,
ஷெல்பின் கூப்பிடுகிறான்:
"மக்கா, கவரை விட்டு எடுக்காத.
பழைய சட்டை சேர்க்கிற ஒருத்தன் கேட்கிறான்.
யமஹா எஞ்சின் விலை தருவான்."
"எடுக்கல்ல" என்றேன்.
கார்னர் உயர்ந்து வந்தது.
ததேயூஸ் எம்பினான், பூத்துறைக்காரன் ஒருவன்
தோளைப் பிடித்துத் தொங்கினான்.
நாற்பது வருடப் பருத்தி கிழியும் சத்தம்
போனுக்குள்ளும் போயிருக்கும்.

ஒன்று-மூன்று. தோற்றோம்.
கிழிசலை அவனே பச்சை வலைநூலால் முடிந்தான்,
கண்ணி கண்ணியாக, இழுத்தால் நழுவாத முடிச்சு.
படமெடுத்து அனுப்பினேன்.
ரெண்டு நாள் ஷெல்பின் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒரே வரி:
"அந்த ஆள் கேட்கிறான்,
கிழிசல் எந்த ஆட்டத்துல உள்ளது?"

பூத்துறை என்பதை
அவர்கள் எழுத்தில் எப்படி எழுத?
எட்டு முறை அடித்து அழித்தேன்.
அதற்குள் படகு புறப்பட்டிருந்தது, சட்டையோடு.
ததேயூஸின் போன்
எல்லைக்கு வெளியே இருப்பதாக
ஒரு பெண் மலையாளத்தில் சொன்னாள்.