பெயர் வெட்டாத கல்

நாலந்தாவில் காவலாளி விசில் ஊதினான்.
செங்கல் திட்டில் உட்காரக் கூடாதாம்.
எழுந்தேன். யாரோ ஒரு பிட்சு படுத்துறங்கிய திட்டு.
சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம்,
அதன் நெற்றியில் இருந்தது கரியா நிழலா
கடைசிவரை பிடிபடவில்லை.
அவன் அந்தப்பக்கம் திரும்பியதும்
அறையைச் சாணால் அளந்தேன்.
பதின்மூன்று சாண்.

ரயில் சுற்றுலாவுக்கு இரண்டு பேருக்குப் பணம் கட்டியிருந்தோம்,
நானும் தங்கை ஜெசிந்தாவும்.
போனது ஒருத்தி.
கயா வரைக்கும் பக்கத்துப் படுக்கையில்
என் தண்ணீர் பாட்டிலும் செருப்புப் பையும்
படுத்துக்கொண்டு வந்தன.

ஆயிரக்கணக்கான பேர் படித்த இடம் என்று
வழிகாட்டியின் இந்தியைச் சேலத்துக்காரர் ஒருவர்
எங்களுக்குத் தமிழாக்கினார்.
எந்த அறை வாசலிலும் பெயர் இல்லை.
எனக்குக் கை குறுகுறுத்தது.
தொழில் அப்படி.

கிருஷ்ணகிரி பைபாஸில் கிரானைட் கம்பெனி.
எங்கள் கல்லறைக் கற்கள் கப்பலேறும்.
வெட்டப்போகும் பெயர்களைச் சரிபார்ப்பது என் வேலை.
ஓர் எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி விட்டுப்போனால்
ஜெர்மனியில் ஒரு குடும்பம்
கல்லைத் திருப்பி அனுப்பிவிடும்.
பதினோரு வருடமாக
போகாத ஊர்களின் இறந்தவர்களை
எழுத்துக்கூட்டித் தெரியும் எனக்கு.

எலத்தகிரி கல்லறைத் தோட்டத்தில்
ஜெசிந்தாவுக்கு இன்னும் மரச்சிலுவைதான்.
கம்பெனியிலேயே இருக்கிறாய், ஒரு கல் கிடைக்காதா
என்கிறார்கள்.
கிடைக்கும்.

ஊர் திரும்பிய மறுவாரம் ஞாயிறு
பூசை முடிந்து மல்லச்சந்திரம் போனேன்.
இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பார்த்ததில்லை,
கயாவுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து போயிருக்கிறேன்.
ஆட்டோ திம்மராயன்
கீழே காத்திருக்கப் பிடிக்காமல் கூடவே ஏறினான்.
பாறை வெயிலைப் பிடித்து வைத்திருந்தது.
மேலே, தலை வளைந்த பலகைக் கற்கள்
ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வட்டமாய் நின்றன,
நடுவில் கல்லால் ஒரு பெட்டி,
பெட்டிக்கு ஓர் ஓட்டை.

பாண்டவர் இருந்தது என்றான்.
கொஞ்சம் கழித்து, இல்லை, முழ உயர மனுசங்க என்றான்.
செத்தவர்களுக்குக் கட்டியது என்றேன்.
"அப்ப இன்னும் காலி பண்ணலை."

தூரத்தில் குவாரியில் வெடி வைத்தார்கள்.
கல்லைத் தொட்டிருந்த விரலில் அது வந்து சேர்ந்தது.

பிறகு மழை,
இந்தப்பக்கத்து மழை, கேட்காமல் வருவது.
கூரை சரியாத பெட்டி ஒன்றைக் காட்டி
உள்ளே போகலாம் என்றேன்.
திம்மராயன் நனைந்தபடி நின்றான்.
"பேரைச் சொல்லிட்டுப் போங்க மேடம்.
அடுத்தவங்க வீடு இல்லையா."
யார் சொன்ன வழக்கம் என்று கேட்டேன்.
யாரும் சொல்லவில்லையாம், அவனுக்கே தோன்றியதாம்.

குனிந்தேன்.
ஓட்டையின் விளிம்பு உள்ளங்கைக்கு வழுவழுப்பாய் இருந்தது,
எந்த மெஷினிலும் நாங்கள் கொண்டுவராத பாலிஷ்.
என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
ஜெசிந்தா என்று வந்தது.

உள்ளே ஒரு வெள்ளாட்டுக் குட்டி தும்மியது.
திம்மராயன் வேறுபக்கம் பார்த்தான்.
முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன்.
ஏழு சாண். இரண்டு பேர் இருக்கலாம்,
ஆட்டைச் சேர்த்தால் நெருக்கம்.
விசில் ஊத ஆளில்லை.
மழை நின்ற பிறகும்
வெகுநேரம் வெளியே வரவில்லை.
ஆட்டோவுக்கு வெயிட்டிங் சார்ஜ் நூற்றைம்பது.

திங்கட்கிழமை
மூலை சிதறி விலைபோகாத கறுப்புப் பலகை ஒன்றை
என் கணக்கில் எழுதச் சொன்னேன்.
என்ன பேர், எந்த எழுத்துரு என்று கேட்டார்
கட்டிங் மெஷின் புட்டசாமி.
எழுத்து வேண்டாம், ஓர் ஓட்டை போடுங்கள் என்றேன்.
எத்தனை இன்ச்?

கையை நீட்டிக் காட்டினேன்,
முழங்கை வரை.