ஐந்நூறு கன அடி

சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
பாசனத்துக்கு வினாடிக்கு ஐந்நூறு கன அடி,
நூற்று இருபது நாள்,
விவசாயிகள் சிக்கனமாகப் பயன்படுத்திக்கொள்ளவும்.
பதினோரு வருசமாய் இதே வாக்கியம்.
ஒரு கன அடிக்கு எத்தனை குடம் என்று
யாராவது கேட்டால் முழிப்பேன்.

இந்த ஆனியில், மதகு திறந்த மூன்றாம் நாள்
தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்: சொந்த வேலை.

டயர் பட்டறை ஜாபர்
லாரி ட்யூப் இரண்டுக்குக் காற்றடித்திருந்தான்.
ஒட்டுப்போட்ட இடத்தில் எச்சில் தொட்டுவைத்துக்
குமிழி வருகிறதா என்று பார்த்தான்.
அவன் பெண்சாதி நூர்ஜமால்
முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சொன்னாள்:
"எனக்கு நீச்சல் தெரியாது.
பயமும் தெரியாது."

வைராபாளையத்தில் இறங்கினோம்.
எங்கள் செருப்பும் துண்டும் டிபன் பாக்ஸும்
கரை மேல் மொபெட்டில் ஜாபரோடு வந்தன.
முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்த
தேங்காய் மூடியும் ஒற்றைச் செருப்பும்
கோரையில் சிக்கிக் கிடந்தன.
திறப்பு விழாவில் தூவிய பூவைக் காணோம்.

காலிங்கராயன் வாய்க்கால் நேராய்ப் போகாது.
பாம்பு ஊர்ந்த தடத்தில் வெட்டினார்கள் என்பது கதை.
எங்கள் பீரோவில் மட்டம் எடுத்த வரைபடம் இருக்கிறது:
மேட்டைக் கண்டால் ஒதுங்கி
பள்ளத்தைக் கண்டால் தயங்கி
ஒரு கோடு பிசகாமல் நெளிகிறது.
எழுநூறு வருசத்துக்கு முன்னால்
அந்தப் பாம்பு எந்தக் காலேஜில் சிவில் படித்ததோ.

காகிதத்தில் கண்ட நெளியல் வேறு,
முதுகில் பட்ட நெளியல் வேறு.
ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர்
ட்யூபின் காதைப் பிடித்துத் திருகியது.
மஞ்சள் காடு, சாயப்பட்டறைச் சுவர்,
மறுபடி மஞ்சள் காடு,
துவைகல்லில் உட்கார்ந்து பல் தேய்க்கும் ஒருத்தர்,
மறுபடி அதே ஒருத்தர்.
"ஏனுங், எங்கீங் போறீங்?" என்றார்.
"சும்மாங்க" என்றோம்.
அவரால் நம்ப முடியவில்லை.

வெட்டியவர் தன் வம்சம்
இந்தத் தண்ணீரை அனுபவிக்காது என்று
சத்தியம் செய்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.
ஒரு கூடை மண்ணும் அள்ளாத நாங்கள்
கழுத்துவரை அனுபவித்தோம்.

பெரும்பள்ளத்தில் வாய்க்கால் ஓடையின் தலைமேல் போகிறது.
தண்ணீரைத் தண்ணீர் தாண்டுகிற இடம்.
கீழே ஓடைக்கு அன்றைக்கு ஊதா நிறம்.
நூர்ஜமால் மூக்கைப் பொத்தினாள்.
அப்புறம் எட்டிப் பார்த்தாள்.
"இந்தக் கலர்ல என்கிட்ட ஒரு சுடிதார் இருக்கு."
அதற்கு மேல் கொஞ்ச தூரம்
இரண்டு பேரும் பேசவில்லை.

வெண்டிபாளையத்துக்கு அக்கட்டால
கருவேல முள் ஒன்று என் ட்யூபோடு சமாதானமாகப் போகவில்லை.
புஸ்ஸென்று உட்கார்ந்தேன், இடுப்பளவுத் தண்ணீரில்.
கரையேறிய இடத்தில்
காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து
கல்லில் கீறிய அளவைப் படித்துக்கொண்டிருந்தார்.
"மூணேகால்" என்று தனக்கே சொல்லி
நோட்டில் எழுதினார்.

அந்த மூன்றை எனக்குத் தெரியும்.
தூண்டில் முள்ளைப் போல வால் வளைந்த மூன்று.
பதினோரு வருசமாய் அதைப் பார்த்துத்தான்
தட்டச்சு செய்கிறேன்.
"நீங்க லஸ்கர் சிவமலைதானுங்களே?"

ஏற இறங்கப் பார்த்தார்.
தலையில் பாசி, கையில் செத்த ட்யூப்.
"ஆபீஸ் அம்மணிங்களா?
என்ற சைக்கிள் படி பில்லு
மாசியிலிருந்து நிக்குதுங்களே."

"திங்கக்கிழமை" என்றேன்,
சொட்டச் சொட்ட.

வாய்க்காலைப் பார்த்தார்.
"இந்தத் தண்ணி கடைமடைக்கு நாளன்னிக்குப் போயிருமுங்க"
என்றார் மெதுவாக.
வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம்
"நிறுத்தத் தெரியலையே!" என்று நூர்ஜமால் கத்துவதும்
சிரிப்பதும் கேட்டது.
ஜாபர் மொபெட்டை மிதித்தான்.
அது கிளம்புவதற்குள்
அவள் இன்னொரு வளைவைத் தாண்டியிருந்தாள்.