பின்பக்கத்தில் எழுதியது

தாளை எரிக்கத் தாளில் அனுமதி கேட்கிறார்கள்.
அறுப்பு மெஷின் முழங்கால் உயரத்துக்கு
விட்டுப்போனது ஒன்று,
விஏஓ அலுவலக மேசையில்
மூன்று பிரதியாய்க் கிடப்பது இன்னொன்று.
இரண்டுக்கும் ஒரே பெயர்.
இரண்டும் ஒரே வேகத்தில் பற்றும்.

மாசி பதினெட்டு.
வெட்டாற்றில் தண்ணீர் நின்று ஒரு மாதம்.
அகோரம் வந்து நிற்கிறார்.
ஒரு ஏக்கர் எழுபது சென்ட்.
காரணம் என்ற இடத்தில்
வேறு வழியில்லை என்று எழுதியிருக்கிறார்.
வைக்கோல் கட்டுகிற மெஷின் என்னாச்சு என்று கேட்டேன்.
வரேன்னாங்க என்றார்.
அந்த வரியை நான் அடிக்கவில்லை.

படிவம் கேட்பதெல்லாம் நெருப்பைப் பற்றி.
மின்கம்பி எவ்வளவு தூரம்,
வைக்கோல்போர் எவ்வளவு தூரம்,
வரப்போரம் தாளைச் செதுக்கி
மண் தெரியவிட்டாயிற்றா,
இன்ஜினில் டீசல் இருக்கிறதா,
கூட நிற்க எத்தனை ஆள்,
பக்கத்து வயலின் சம்மதம்.

பக்கத்து வயல், மேற்கே, செல்லபாப்பாவுடையது.
உளுந்து பூ வைத்திருக்கிறது.
கைநாட்டு வைத்துவிட்டு
கிழக்கால காத்தடிச்சா வேணாம்னு சொல்லிடுங்க என்று
ஆளும் அனுப்பியிருந்தார்.

போன பங்குனியில் ஒரு படிவம்.
எல்லாக் கட்டமும் நிரம்பியது.
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.
தீ சொன்னபடி கேட்டது.
வரப்பைத் தாண்டவில்லை,
ஒரு தென்னங்கீற்றுகூடக் கருகவில்லை.
புகைதான் எழுந்து
நாற்பதடி நடந்துபோய்
குடவாசல் சாலையில் படுத்துக்கொண்டது.
பால்கேனோடு வந்த வைரக்கண்ணுக்கு
முன்னால் நின்ற டிராக்டர் தெரியவில்லை.

விதிமீறல் உண்டா என்று விசாரணையில் கேட்டார்கள்.
இல்லை என்றேன்.
அது உண்மை.
அந்த உண்மையோடு வீட்டுக்கு வந்து
ராத்திரி சாப்பாடும் சாப்பிட்டேன்.

புகைக்குக் கட்டம் இல்லை.
அதனால் படிவத்தைத் திருப்பிப்போட்டு
பின்பக்கத்தில் கையால் எழுதுகிறேன்,
இந்த வருஷத்து நூற்றிமுப்பதிலும்:
புகை எந்தப் பக்கம் போகும்?
அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?
அவர்களிடம் சொல்லியாயிற்றா?
மேலிடம் இதைக் கேட்கவில்லை.
வேண்டாமென்றும் இதுவரை எழுதவில்லை.

அகோரம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
காத்து என்ன நம்ம பேச்சா கேக்கும் என்றார்.
கேக்காதுங்க, என்றேன்.
அதனாலதான் தேதி நான் போடல.

தேதி இல்லாமல் படிவம்
பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடந்தது.
திங்கள், கடற்காற்று பத்து மணிக்கே வந்துவிட்டது.
செவ்வாய், மூட்டம்;
மேலே ஏறாத புகை தெருவுக்குத்தான் வரும்.
புதன், பள்ளிக்கூடத் திடலில் பிள்ளைகள்
ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.
அகோரம் மூன்று நாளும்
டீக்கடையிலிருந்து என்னைப் பார்த்தார்.
நானும் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

வியாழன் ஒன்பதரை.
பனி உலர்ந்திருந்தது.
வரப்பில் நின்று ஒரு பிடி பதரைக் கைவிட்டேன்.
காலடியிலேயே விழுந்தது.
இரண்டாம் பிடி கொஞ்சம் தெற்கே சாய்ந்தது.
தெற்கே ஆறு, மணல், நாணல்.
ஆள் இல்லை.
மோட்டார் சைக்கிள் சீட்டில் வைத்துத்
தேதி எழுதினேன்.

எரிந்த நேரமெல்லாம் நின்றேன்.
நான் நிற்க வேண்டுமென்று எந்த விதியும் இல்லை.
கரிச்சான்கள் தீயின் விளிம்பில்
வெட்டுக்கிளி பொறுக்கிக்கொண்டிருந்தன,
யாரிடமும் கேட்காமல்.
செல்லபாப்பா தன் வரப்பில்
முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார்,
பக்கத்தில் ஒரு வாளி.

அணைஞ்சிருச்சு சார் என்றார் அகோரம்.
அவர் மகன் இன்ஜினை நிறுத்தினான்.
குனிந்து புறங்கையைச் சாம்பலில் வைத்தேன்,
வடக்கு மூலையில்,
நடுவில்,
வாய்மடையோரம் செத்த கட்டையொன்றின் அடியில்.

அங்கே மட்டும் சூடு.

இன்னொரு குடம் என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
மொண்டுவரப் போனார்.