சிவப்புக் குழாய்

சோஹாரில் ஜூன் பிறந்தால்
ஹீட்டரை அணைத்துவிட வேண்டும்.
மொட்டைமாடித் தொட்டி கொதித்துக் கிடப்பதால்
நீலக் குழாயில் வெந்நீர்,
சிவப்புக் குழாயில் தண்ணீர்.
முதல் வாரம் இது தெரியாமல்
பிள்ளையின் காலை நீலத்தின் கீழ் காட்டிவிட்டேன்.
கணுக்காலில் ஒரு தழும்பு,
புளியங்கொட்டை அளவு.

கெர்சோம் என்று பெயர் வைத்தது அவர்.
"பரதேசின்னு அர்த்தமாமே,
ஏட்டி, புள்ளைக்கு வேற பேரே கிடைக்கலையா?"
நாசரேத்திலிருந்து அத்தை போனில் அழுதார்.
விசாத் தாளில் அரபியில் தட்டியவன்
அதையும் தப்பாகத் தட்டினான்.
ஒன்பது மாதப் பரதேசிக்கு
நாலு பல், ஒரு பிழையான பெயர்.

எங்கள் படுக்கையறைதான் சபையின் கிடங்கு.
நாற்பத்திரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி,
ஒரு கீபோர்டு, திருவிருந்துக் கிண்ணங்கள்,
நடுவில், யாரோ ஊருக்குப் போகையில்
விட்டுப்போன தொட்டில்.
அதன் கம்பியில் வேறொரு பிள்ளையின் பல் தடம்.
நாற்காலி அடுக்கைப் பிடித்துத்தான்
இவன் நிற்கப் பழகினான்.
வியாழன் இரவு அவை ஹாலுக்குப் போய்விட்டால்
வெறுஞ்சுவரைப் பார்த்து அழுவான்.

வெள்ளிக்கிழமை பிரசங்க நேரத்தில்
காரில் ஏசி போட்டுப் பாலூட்டுவேன்.
ஜன்னலுக்குள் ஜன்னலாய்
அவர் கை உயர்வது தெரியும், வாய் அசைவது தெரியும்.
ஒன்பது மாதமாக
எந்தப் பிரசங்கத்தின் முடிவும் எனக்குத் தெரியாது.

காணிக்கைப் பை கனத்தால் டயப்பர்.
ஸ்டீல் கம்பெனி ஆள் குறைத்த மாதம்
என் வாயில் சேலையைக் கிழித்தேன்.
"கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிப் போகிறவர்கள்
செருப்பு மாட்டும்போது
என் முகத்தைப் பார்ப்பதில்லை.

காய்ச்சல் அடித்த ராத்திரி
அவர் லிவாவில் இருந்தார்.
சாரம் சரிந்து செத்த ஒரு பையனின்
காகிதங்களோடு, பிணவறை வாசலில்.
கார் அவரிடம். போன் அணைந்திருந்தது.
நூற்றிமூன்று.
சிவப்புக் குழாயைத் திறந்தேன்.
ஜெபம் வரவில்லை.
நெற்றியில் துணி நனைத்துப் போட்டு
நாற்காலிகளை எண்ணினேன்.
நாற்பத்திரண்டு, மறுபடி நாற்பத்திரண்டு,
ஒருதரம் நாற்பத்தொன்று வந்தது.
பயந்துபோய் முதலிலிருந்து எண்ணினேன்.

விடியலில் வந்தார். சட்டையில் பினாயில் வாடை.
"அந்தப் பையனுக்கு அம்மா மட்டும்தான்" என்றார்.
"இவனுக்கும்" என்றேன்.
அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து கேம்ப்பில் ஆராதனை.
சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பேர்.
ஆமென் சொன்னதும் வரிசை நிற்கும்,
பிள்ளையைத் தூக்க.
கைக்குக் கை போவான்.
ஒவ்வொரு கையிலும் எனக்கு ஓர் இருமல் கேட்கும்.
திரும்பி வரும்போது அவன் உச்சியில்
ஆறு வகைத் தலையெண்ணெய்.

தவசிக்கனி, வெல்டர்,
முழங்கை வரை மூன்று தரம் சோப்புப் போட்டு வந்தான்.
வாங்கத் தெரியவில்லை.
இரும்புக் குழாய் ஏந்துகிறவன் மாதிரி
இரண்டு கையையும் நீட்டினான்.
ஊரில் மகள் பிறந்து ஒன்றரை வருஷமாம்.
போன் வெளிச்சத்தில் பார்த்ததோடு சரி.
"என்ன எடைக்கா இருக்கும்?"
"எட்டரை."
"எம்மவ?"
"இன்னும் ரெண்டு கூட்டிக்கோங்க."
கண்ணை மூடிக்கொண்டு நின்றான்,
தராசு முள் அடங்கக் காத்திருப்பவனாய்.

அடுத்த வாரம்
பக்கத்துக் கட்டில்காரன் சொல்லிச் சிரித்தான்:
மெஸ்ஸில் பத்தரைக் கிலோ அரிசி நிறுத்து
கைலியில் முடிந்து
ராத்திரி மார்மேல் போட்டுக்கொள்கிறானாம்.
கூட யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு ராத்திரியை
அவருக்கு நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.
கேட்டால் கொடுப்பேனோ என்னவோ,
அவர் கேட்கவில்லை.

இன்று வியாழன்.
நாற்காலி தூக்க ஆள் வந்தாயிற்று.
நாலை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.
பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
சபைக்கு நாளை முப்பத்தெட்டு.