சக்கைக்குக் கூலி

மூன்றாம் தொட்டி இறங்கவே இல்லை.
கலக்கி மோட்டாரின் முள்
எழுபத்தெட்டு ஆம்பியரில் நின்று நடுங்குகிறது.
உள்ளே, ஊறிய பாய் மாதிரி
கரும்புச் சக்கை.

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
சாறு போன பின் கேட்கவேண்டும் அதை.
நாருக்குள் ஒளிந்த மிச்ச இனிப்பை
வெட்டி எடுக்க வருகிறது
பீப்பாய் பீப்பாயாக
பூஞ்சையின் எச்சில்.
நொதி என்று பெயர் வைத்ததும்
விலை ஏறிவிட்டது.

சாலமன் தீவுகளில் ஒரு போரின்போது
சிப்பாய்களின் கூடாரங்களைத் தின்ற பூஞ்சை.
அதன் வம்சம்தான்
தியெத்தே ஆற்றங்கரையில் இன்று
இரவுப் பணியில்.

"இன்னும் இருநூறு லிட்டர் ஊற்று"
தொலைபேசியில் அடால்பெர்ட்டோ.
ஜுரேமா ஊற்றவில்லை.
அவளுக்குத் தெரியும்,
குறைந்தது நொதி அல்ல.
லிக்னின்.
வேலைக்கு வந்தவனை
வாசலிலேயே கையைப் பிடித்து நிறுத்தி
ஊர்க்கதை பேசும் கருப்புப் பிசின்.
ஒட்டிய நொதி ஒட்டியதுதான்;
நார் பக்கம் போகாது.

அதற்குப் பேச வேறு ஆள் கொடுத்தால்?
மலிவான புரதம் ஏதாவது?

இரண்டு மணிக்கு
மாட்டுத் தீவனக் கிடங்கிலிருந்து
மோட்டார் சைக்கிளில்
சோயா மாவு இரண்டு மூட்டை.
க்ளோரிவால்டோ காரணம் கேட்கவில்லை,
காசு மட்டும் கேட்டான்.

கொட்டினார்கள்.
காவல் நாய்க்கு ரொட்டி போட்டுவிட்டுச்
சுவரேறும் திருடர்கள் போல
அடுத்த பீப்பாயின் நொதிகள்
உள்ளே.

எழுபத்தொன்று.
எழுபது.
அறுபத்தெட்டில் ஒரு மணி நேரம்.
(தோற்றுவிட்டோம் என்று
அவள் கையுறையைக் கழற்றியதும் அப்போதுதான்.)
பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில்
முப்பத்து மூன்று.

கஞ்சியாய் ஓடியது சக்கை.
பெரிய வெற்றி என்றெல்லாம் இல்லை:
சர்க்கரை ஆறு சதவீதம் கூடுதல்,
நொதி ஒரு பீப்பாய் மிச்சம்.
படிவத்தில் சோயாவுக்குக் கட்டம் இல்லை.
'இதர' என்ற இடத்தில் எழுதினாள்,
பக்கத்தில் கேள்விக்குறி போட்டு,
பிறகு அதை அடித்துவிட்டு.

வெளியே ஜூன் மாதக் குளிர்.
எத்தனால் ஊற்றிய க்ளோரிவால்டோவின் வண்டி
கிளம்ப மறுத்தது.
உதைத்தான். திட்டினான். மறுபடி உதைத்தான்.
இரவெல்லாம் அதே எரிபொருளுக்காக
சக்கையோடு மல்லுக்கட்டியவள்
பின்னால் போய்த்
தள்ளத் தொடங்கினாள்.

"இதற்கும் கூலி உண்டா?"
கேட்டாள், மூச்சிரைக்க.