போர்வெனீர் படகு

புன்டா அரேனாஸில் காற்று முற்றினால்
நகராட்சிக்காரர்கள் தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படித்தான் அவனைப் பிடித்திருக்கிறேன் என்று
முதல் வருஷம் எல்லோரிடமும் சொன்னேன்.

முதல் தடவை, தங்கை நெல்டாவின் கல்யாணத்துக்குக் கிளம்பியபோது.
காலில் ஒரு செருப்பு, கையில் ஒன்று.
"நீ போ. திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன்."
மெதுவாகத்தான் சொன்னான் ரெமிஹியோ,
சூப்பில் உப்பு போதவில்லை என்பதைப்போல.
செருப்பைக் கழற்றினேன்.

இரண்டாவது, இரவு வகுப்பில் சேர்ந்த வாரம்.
மூன்றாவது, சம்பளத்தை என் பெயரில் போடச் சொன்னபோது.

நண்டு ஆலையில் எடை போடுகிறவள் நான்.
பெட்டியில் பனிக்கட்டி எவ்வளவு, நண்டு எவ்வளவு
தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இதை மட்டும் ஒன்பது வருஷமாகத்
தூக்கிப் பார்க்கவில்லை.

பார்த்தபோது தெரிந்தது
அவன் சாவுக்கு ஒரு கால அட்டவணை இருந்தது.
நான் வீட்டிலிருக்கும் நாட்களில்
அதற்கு விடுமுறை.
என் உயிரை வாங்கத்
தன் உயிரை விலையாக வைத்திருந்தான்.

ஆனாலும்
பொய்யென்று எப்படி முடிவுகட்டுவது?
அத்தனை பனிக்கட்டிக்கு அடியில்
ஒரு நண்டாவது இருக்குமே.
அந்த ஒன்றின் கொடுக்கில்தான்
மாட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று போர்வெனீர் படகில், ஜலசந்தி நடுவில்
வந்தது செய்தி. அதே வாக்கியம்.
கை நடுங்கியது.
படகைத் திருப்பச் சொல்ல முடியாது,
எவ்வளவு நல்லது அது.
நூற்று முப்பத்தொன்றை அழைத்தேன்.
தெருப்பெயர். பச்சைத் தகரக் கதவு.
சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால்.
"நீங்கள் அவருக்கு என்ன உறவு?"
கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
"முகவரி தெரிந்தவள்" என்றேன்.

அடுத்து அவன் அண்ணனுக்குச் சொன்னேன்.
பிறகு அவனுக்கு எழுதினேன்:
'உன்னைப் பார்க்க ஆள் வருகிறார்கள்.
நான் வரவில்லை.'

நாற்பது நிமிடம்.
கடல் பார்த்தேன், கடல் பார்த்தேன்,
யாரோ கொடுத்த காபி ஆறிப்போனது.

'அக்கம்பக்கத்தார் முன்னால்
என் மானத்தை வாங்கிவிட்டாய்.'

உயிரோடிருப்பவன் எழுதுகிற வாக்கியம்.
அழுதேன்.
அதில் நிம்மதி எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு
எடை போடவில்லை.

படகுத்துறையில் நல்ல காற்று.
கயிறு எதுவும் கட்டியிருக்கவில்லை.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் சாய்ந்தே நடந்தேன்.