மூன்று படலைகள்

சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து இரவு.
பீல் நகரில், நாலாம் மாடியில்,
என் குசினி மேசையை முழுதாய் மூடிக் கிடக்கிறது
யூரா மலை.
சுருளாமலிருக்க ஒரு மூலையில் மிளகாய்த்தூள் போத்தல்,
எதிர் மூலையில் சங்கிலிக்கு விடும் எண்ணெய்.

உயரக்கோடுகள் விலகி ஓடும் இடங்களில்
பிள்ளைகள் கதைத்துக்கொண்டே வருவார்கள்.
நெருங்கும் இடங்களில் கதை நின்றுவிடும்.
கோட்டின்மேல் கோடு ஏறிக் கறுத்த இடத்தில்
பென்சிலால் எழுதுகிறேன்:
இறங்கி உருட்டவும்.
எழுதும்போதே தெரிகிறது
அனூக் இறங்க மாட்டாள்.

எட்டுப் பேர். பதினொன்றுக்கும் பதினாலுக்கும் இடையில் வயது.
பதினாறு சில்லு, அதற்கு ஆறு மாற்று ரியூப்.
பதினாறு முழங்கால்,
அதற்கு எத்தனை பிளாஸ்டர் என்று
ஒரு கைநூலும் சொல்லவில்லை.

கவிலனின் அம்மா கேட்டிருக்கிறா, ஓநாய் வருமா.
ஆர்பெனின் அப்பா, சொசேஜில் பன்றி இருக்குமா.
யாராவின் அம்மா எதுவும் கேட்கவில்லை.
சம்மதத் தாளுக்குள் இன்னொரு தாளை மடித்து வைத்திருந்தா:
“இருட்டில் முழித்தால் எங்கே என்று விளங்காது அவளுக்கு.
மற்றவர்கள் அறியாமல் ஒரு சின்ன வெளிச்சம்.”

ஓநாய்க்கு, அநேகமாக வராது என்று எழுதி
அநேகமாகவை அழித்தேன்.
சொசேஜைக் கோழிக்கு மாற்றினேன்.
சின்ன வெளிச்சத்தை என் பையின் மேலறையில் வைத்தேன்,
முதலுதவிக்கும் மேலே.

கூடாரம் போடப் புல்வெளி தருபவர் மதாம் ஜானெரே.
ஒற்றைக் கியர்தான் என் பிரெஞ்சுக்கு,
ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும்.
தண்ணீர்? மாட்டுத் தொட்டிக் குழாயில், நல்ல தண்ணீர்.
நெருப்பு? கூடாது, புல் காய்ந்திருக்கிறது. காஸ் அடுப்பு பரவாயில்லை.
காசு? சிரித்தார்.
பிறகு குரல் மாறிற்று.
மேலே வரும்வரை மூன்று படலை.
திறந்தால் சாத்த வேண்டும்.
போன வருடம் எவனோ சாத்தாமல் போனதில்
பதினேழு பசுக்கள் இரவோடிரவாய்த் தார் றோட்டில் நடந்து
விடியும்போது அடுத்த ஊர்த் தபாற்கந்தோர் வாசலில்
வரிசையில் நின்றனவாம்.
சாத்த வேண்டும் என்பதை மூன்று தரம் சொன்னார்,
படலைக்கு ஒன்றாக.

கடைசியாய் வருபவர் சாத்துவது, அவ்வளவுதான்.
யார் கடைசி என்பதிலும் குழப்பமில்லை.
லூவான்.
அண்ணனின் சைக்கிள், இரண்டு அளவு பெரியது.
இருக்கையை எவ்வளவு பதித்தாலும்
பெருவிரல் மட்டுமே நிலம் தொடும்.
ஏற்றங்களில் அவனைக் காணுமுன் கேட்போம்:
வளைவுக்கு அப்பாலிருந்து
துருப்பிடித்த ஒரு கீச்சு.

திட்டத்தில் எழுதினேன்:
படலை ஒன்று, லூவான். இரண்டு, லூவான். மூன்று, லூவான்.
கொழுக்கி விழும் சத்தம் கேட்கும்வரை
மற்ற ஏழு பேரும் காலூன்றி நிற்பார்கள்.
அவனுக்காகக் காத்திருக்கிறோம் என்று
ஒருவரும் சொல்லத் தேவையில்லை.
மாடுகளுக்காகத்தானே.
அன்றிரவு என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு
நித்திரைக்குப் போனேன்.

புதன்கிழமை, கழகத்தின் நிலவறையில்,
ஈரச் சப்பாத்து மணத்துக்கு நடுவே வாசித்துக் காட்டினேன்.
எல்லோரும் சில்லுகளைச் சுழற்றிக்கொண்டு கேட்டார்கள்.
லூவான் கை உயர்த்தினான்.

“நான் கடைசியாக வராவிட்டால்?”

ஒருவரும் சிரிக்கவில்லை.
அனூக் மட்டும் குனிந்து அவன் சங்கிலியைப் பார்த்தாள்.
பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல்
தன் சங்கிலியைப் பார்த்தாள்.
அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது,
இன்று படியிறங்கி அவன் சைக்கிளை உருட்டி வந்தபோது
கீச்சு கேட்கவில்லை.

அழிறப்பர் கேட்டேன். யாரோ எறிந்தார்கள்.
மூன்று இடத்திலும் பெயரை அழித்தேன்.
தாள் அங்கே மெலிந்து, பின்பக்கச் சமையல் பட்டியலில்
உப்பு என்ற சொல் தெரிந்தது.
‘கடைசியாக வருபவர்’ என்று எழுதினேன்,
என் எழுத்து அவ்வளவு நேராக இல்லை.

பிறகு மழை வந்தால் என்ன செய்வது என்று கதைத்தோம்.